ஹரிக்கு எத்தனை?

கேரளம் தனி மாநிலமான புதிதில், திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியின் தமிழ் டிவிஷனை மூடிவிட்டார்கள். "நாளெ முதல் கணக்கும் மலையாளத்தில்தன்னெ, சாரே" என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கணக்கு வாத்தியார். சாலைக் கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்கு மலையாளம் வரும். பாடப்புத்தக மலையாளம் வேறு. அதில் பெருக்கல் 'குணனம்', வகுத்தல் 'ஹரணம்'. கரும்பலகைப் பக்கம் திரும்பி, வார்த்தையை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் திரும்புவேன். நான் பாடம் நடத்துகிறேனா, படிக்கிறேனா என்று எனக்கே குழப்பம்.

தமிழ் டிவிஷனில் என்னிடம் படித்த, ஸ்ரீவராகம் தெருவிலிருந்து வரும் சிவகாமியின் பாடு என்னைவிட மோசம். கணக்கில் புலி. ஆனால் புது வகுப்பில் வாயே திறக்கவில்லை. மலையாளம் பிடிபடாத பிள்ளைகளை ஒரு வகுப்பு கீழே இறக்கப் போகிறார்கள் என்று பேச்சு. யார் யார் என்று சோதிக்கப் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக அவளைத்தான் எழுப்பினார்.

"நாற்பதினெ அஞ்சு கொண்டு ஹரிக்கு."

மலையாளத்தில் 'ஹரிக்கு' என்றால் 'வகு'. அவளோ பக்கத்து பெஞ்சில் இருந்த ஹரிஹரனைப் பார்த்தாள். அவனும் தனக்கு ஏதோ கிடைக்கப் போகிறது என்று எழுந்து நின்றான்.

"ஹரிக்கு அஞ்சுன்னா, மத்தவாளுக்கு எத்தனை சார்?"

வகுப்பே சிரித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஈ குட்டியெ தாழத்தெ கிளாசில் இருத்தணும், சாரே" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று உத்தரவு. போனால் போகட்டும் என்று அவளிடம் சொன்னேன்: "நாப்பதை அஞ்சால வகும்மா."

"எட்டு" என்றாள், பட்டென்று.

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "கண்டோ! குட்டி மலையாளத்தில் பறஞ்ஞல்லோ!" அவள் இதே வகுப்பில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கேலியாகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி நம்பினாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது ஆசிரியர் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு குழந்தை திருதிருவென்று விழித்தால், அதற்குப் பாடம் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் கேள்வி அதனிடம் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது.

மணி அடித்ததும் சிவகாமி என் மேசைக்கு வந்தாள்.

"எட்டுங்கறது மலையாளமா சார்?"

"ஆமாம்மா."

"அப்போ தமிழ்ல அதுக்கு என்ன?"

"தமிழ்லயும் எட்டுதான்" என்றேன். அவள் நம்பவில்லை.