சக்கரத்துக்கும் சவுக்காரம்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தை ஒட்டிய ஏரிக்கு மேலேயுள்ள காட்டுப் பாதையில் மலைச் சைக்கிள் ஓட்டுவேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்க வழக்கம்போல் காலில் சவுக்காரம், அதுதான் சோப்பு, தேய்த்தேன். சக்கரம் வழியாகவும் ஏறுமே என்று பிரேக் கட்டை பிடிக்கும் இரண்டு ரிம்மிலும் தேய்த்துவிட்டேன்! தூறலில் அது நுரைத்தது. ஏரிக்கு இறங்கும் சரிவில் எவ்வளவு அழுத்தியும் பிரேக் பிடிக்கவில்லை. சட்டென்று ஹேண்டிலைத் திருப்பி ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தேன். முழங்கை கிழிந்ததோடு தப்பித்தேன்.

கிழிந்த முழங்கையோடு வீடு திரும்பியபோது, பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருக்கும் அண்ணன், "பொம்பளைக்கு எதுக்கு தங்கச்சி சைக்கிளு?" என்றார்.

"வழுக்குனது சவுக்காரம்ணே, பொம்பளை இல்ல" என்றேன்.

அடுத்த ஞாயிறே அதே சரிவில் இறங்கினேன். இப்போது சவுக்காரம் காலுக்கு மட்டும்தான்; பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டே ஏறுகிறேன். அண்ணன் வாசலைத் தாண்டும்போது மட்டும் மணியை இரண்டு தடவை கூடுதலாக அடிக்கிறேன்.