ரங்கம்மாளுக்கு ஏற்ற நாய்

ரங்கம்மாளுக்கு இருபத்து மூன்றாவது வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது காது கேட்கவில்லை. பேச்சு மட்டும் இருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உரக்கத்தான் சொல்வாள். மொரப்பூர் ரயில்வே குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடியது முதற்கொண்டு தெரியும்.

புருஷன் மாது ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். விடிந்ததும் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்தால் சாயங்காலம்தான் திரும்புவான். பிள்ளைகள் இல்லை. வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். அவள் நாளைக்கு ஏழெட்டுத் தடவை கடந்தாக வேண்டும். கூப்பிடு தூரத்தில் தண்டவாளம் மண்மேட்டுக்குள் வளைந்து மறைந்துவிடும். வளைவைத் தாண்டிய பிறகுதான் வண்டி கண்ணில் படும்.

பல வருஷம் அதனால் தொந்தரவு இல்லை. வண்டிகளுக்கு நேரம் இருந்தது. நிழலை வைத்து நேரம் பார்த்தே அவள் கடந்துகொண்டிருந்தாள். உலகச் சண்டை தொடங்கிய பிறகு பட்டாள ஸ்பெஷல் வண்டிகள் நினைத்த நேரத்துக்கு வந்தன. நாற்பத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு நாள், நிறைகுடத்தோடு இந்தப் பக்கம் கால் வைத்தவளை முதுகில் காற்று அறைந்தது. திரும்பிப் பார்த்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குடத்துத் தண்ணீரில் பாதி சேலையில் இருந்தது.

மாது அன்று சோறு தின்னவில்லை. இனிமேல் தானே தண்ணீர் எடுத்து வைப்பதாகக் கையால் சொன்னான்.

"துணி தொவைக்க? வெறகுக்கு? எல்லாத்துக்கும் நீங்களே போவீங்களா? பேசாம என்னை வூட்டுல கட்டிப் போட்டுடுங்க," என்றாள். குடியிருப்பே கேட்டது.

நாய் ஒன்று கூட இருந்தால் வண்டி வருவதைக் காட்டும் என்று மாதுவுக்குத் தோன்றியது. சந்தைக்குச் சாமை கொண்டுவரும் தீர்த்தன் அவனுக்குப் பழக்கம். வத்தல்மலைக்காரர். காட்டுப்பன்றிக் காவலுக்கு நாய் வைத்திருப்பவர். குட்டிக்கு விலை வாங்கமாட்டார், உப்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மாது ஒரு படி உப்போடு மலையேறினான்.

நான்கு குட்டிகள் இருந்தன. தீர்த்தன் ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்துத் தூக்கித் தொங்கவிட்டார். கத்துகிற குட்டி காவலுக்கு ஆகாது. கறுப்பு ஒன்றுதான் வாயே திறக்கவில்லை. செவலைக் குட்டி, கை நீண்டதுமே அலறி, மூத்திரம் பெய்து, குதிருக்கு அடியில் புகுந்துகொண்டது.

"அதைப் பாக்காதே தம்பி. இடி இடிச்சாவே அதுக்குப் பேதி. பன்னி வந்தா அதுவே வழிகாட்டி உள்ள கூட்டியாந்துடும்."

மாது கறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். வீட்டில் செவலை ஓடிய விதத்தை நடித்துக் காட்டினான். ரங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கறுப்பு நன்றாக வளர்ந்தது. கொல்லையில் ஒரு நல்லபாம்பைக் குதறிப் போட்டது. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாது அவளையும் நாயையும் தண்டவாளத்தோரம் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று பார்த்தான். வளைவுக்குள் கூட்ஸ் வண்டி ஊதியது. நாய் ஒரு காதை மட்டும் திருப்பியது. பிறகு ஓர் ஈயைக் கவ்வப் பார்த்தது. அடுத்த வண்டிக்கு இரண்டு தடவை குரைத்தது. ரங்கம்மாள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாது ஓடி வந்து நாயின் வாயைக் காட்டினான்.

"கொரைச்சுதா? யாருக்குக் கொரைச்சுது, உங்களுக்கா?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செவிட்டுப் பெண்டாட்டிக்குக் குரைக்கிற நாயைத் தேடிக் கொண்டுவந்தவன் தான்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ரங்கம்மாள் அவன் பக்கத்தில் குந்தினாள்.

"அந்தச் செவலை இன்னும் இருக்குமா?"

இந்தத் தடவை இருவரும் கறுப்பைக் கூட்டிக்கொண்டு மலையேறினார்கள். செவலையை யாரும் வாங்கிப் போகவில்லை. ஆட்களைப் பார்த்ததும் தீர்த்தனின் கால்களுக்கிடையில் ஒளிந்தது. கறுப்பு திரும்பி வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். செவலையைத் தருவதற்குத்தான் கூச்சப்பட்டார்.

"தீர்த்தன் வூட்டு நாயின்னு இதையா காட்டுவீங்க? ஊரே சிரிக்கும் தங்கச்சி."

மாது ஊர் சிரிப்பதைச் செய்து காட்டினான்.

"சிரிக்கட்டும். எனக்கு எங்கே கேக்குது?" என்றாள் ரங்கம்மாள். "பயந்தா இது என்ன பண்ணும்னு கேளுங்க."

"பக்கத்துல யாரு நின்னாலும் அவங்க கால்ல பூந்துக்கும்," என்றார் தீர்த்தன்.

மாது குனிந்து தலையால் அவள் முழங்காலை முட்டினான்.

"அது போதும்," என்றாள்.

வண்டி வளைவுக்கு வெகுதூரம் அப்பால் வரும்போதே செவலைக்கு உடம்பு நடுங்கும். அவள் கால்களுக்கிடையில் தலையைச் செருகி, ஓர் அடி எடுத்து வைக்கவிடாது. முதல் வாரம் இடறி விழுந்து குடம் உடைந்தது. ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் நாயைத் திட்டிக்கொண்டிருந்தபோது எதிரே பட்டாள வண்டி போயிற்று. திட்டுவதை நிறுத்தினாள். நாயின் நெஞ்சு உள்ளங்கையில் அடித்துக்கொண்டது.

தன்னால் இது தினம் சாகிறதே என்று அவளுக்கு இருந்தது. அதனால் நடுக்கம் தெரிந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். வண்டி போகும்வரை நாயின் முதுகைத் தடவுவாள். பிறகு மடியிலிருந்து ஒரு துண்டு கேழ்வரகுக் களி கொடுப்பாள்.

அடுத்த பொங்கலுக்குள் நாய் நடுங்குவதை விட்டுவிட்டது. இதைக் கண்ட மாது, நாய் இனி வண்டியைக் காட்டாது என்று நினைத்தான். ஞாயிறு முழுக்கத் தண்டவாளத்தோரம் காத்திருந்தான். நான்கு வண்டிகள் வந்தன. நான்குக்கும் செவலை சாவகாசமாக எழுந்து வந்து அவள் முழங்கால்களுக்கிடையில் தலையை வைத்தது. வண்டி வந்தால் அவள் உட்காருவாள், தடவுவாள், களி கிடைக்கும்.

"இதுக்குப் பயம் போயிடுச்சு," என்று மாது கையால் சொன்னான்.

"எனக்குந்தான்," என்றாள் ரங்கம்மாள், கிணற்றடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தாள். நாய் முன்னால் போயிற்று.