இரண்டு நிலாக்காரர்

தில்லி மெட்ரோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கொலைகாரர் என்றே முதலில் நம்பினேன். ஐம்பது வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? ஒடிசலான இளைஞர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பேசப்பேசத் தாடியில் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். போனில் நம்மூர்த் தமிழ்.

“பெரிய நிலா இருக்கட்டும்டா. சின்ன நிலாவை இன்னைக்கே தீர்த்துடறேன். ரெண்டையும் வச்சுக்கிட்டு முடியல.”

எங்கள் காலனியிலேயே நிலா என்ற பெயரில் மூன்று சிறுமிகள் இருக்கிறார்கள்.

“தம்பி, பெத்த பிள்ளையைப் போய்…” குரல் கீச்சென்று வந்தது.

“பிள்ளையா? நான் பண்ற கேம், சார்!” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். நம் பூமி மாதிரியே ஒரு கற்பனைக் கிரகம். நீலக் கடல், மேலே இரண்டு நிலாக்கள். “ரெண்டும் சேர்ந்து இழுத்தா அலை எகிறி ஊரே முழுகிடுது.”

அசடு வழிந்ததோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“ஊரைக் கொஞ்சம் மேட்டுல வைங்களேன். பாவம், சின்னது” என்று கெஞ்சினேன்.

“அச்சா! டெட்லைனை யாரு பார்க்கறது, அங்கிள்?”

ஒரே நிமிஷத்தில் சாரிலிருந்து அங்கிளாகிவிட்டேன். அவர் இன்னொரு முடியைப் பிடுங்கினார். கரோல் பாக் வருவதற்குள், என் கண்ணெதிரிலேயே, சின்ன நிலாவைத் தீர்த்துவிட்டார்.