கோழிக்குப் போடும் ஊசி

1. புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளைப் பற்றி, சேலத்தில் ஞாயிறுதோறும் கூடிப் படிக்கும் எங்கள் குழுவுக்கு அண்ணனையும் அழைத்துப் போனேன்.

2. அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கேட்ட ஓர் உறுப்பினர், ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டியிருந்த ஒரு பெப்டைடு மருந்துக் குப்பியை அவருக்கு விற்றுவிட்டார்.

3. நாமக்கல் பக்கம் எங்கள் கோழிப்பண்ணையில், தடுப்பூசி போட வைத்திருந்த ஊசியில் அதை ஏற்றி, தொடையில் குத்தப் போனார் அண்ணன்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“ஊரு கோழிக்கெல்லாம் போடறேன், எனக்குப் போட்டுக்கத் தெரியாதா? உடு சாமி.”

“கோழிக்கு டாக்டர் சொன்ன மருந்துங்ண்ணா. இதுல என்ன இருக்குன்னு வித்தவருக்கே தெரியாது.”

உயிர்வேதியியல் படித்த எனக்கும் தெரியாது. குப்பியைப் பிடுங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னும் அதை மேசைமேல் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“படிச்ச திமிருங்க இந்தப் புள்ளைக்கு” என்றார் விற்றவர்.

“ஆமாங்க. இதைக் கேக்கத்தான் படிச்சேன்” என்றேன்.

இப்போது புதிதாக வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே படிக்கலாம், வாங்கவோ விற்கவோ கூடாது. அதனால் சிலர் வருவதில்லை. அண்ணன் எலும்பு மருத்துவரிடம் போகிறார். வலி குறையவில்லை, என்மேல் கோபமும் குறையவில்லை. கூட்டம் நடக்கிறது.