அப்பாவுக்கு ஒரு கைத்துப்பாக்கி

போன வருடம் ஐப்பசி மழை நேரம். பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊரில், தனியாக இருந்த ஒரு பெரியவரைக் கட்டிப்போட்டு வீட்டைக் கொள்ளையடித்துவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு என் அப்பாவும் தனியாகத்தான் இருந்தார். எனக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. செய்தி கேட்டதுமே முடிவு செய்துவிட்டேன், அப்பாவுக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும்.

எனக்கு எதிலும் பாதியில் நிற்கத் தெரியாது. லைசென்ஸுக்கு யாரைப் பார்க்க வேண்டும், வயதான கைக்குப் பிஸ்டல் நல்லதா ரிவால்வரா என்று இதே யோசனையாகத் திரிந்தேன். லைசென்ஸ் கிடைத்தால்தான் வாங்க முடியும். இருந்தாலும் முன்கூட்டியே பார்த்து வைக்கலாமே என்று அப்பாவை ஒரு துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனேன்.

கடைக்காரர் பிஸ்டலை நீட்டினார். "பிடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. காலிதான், கடிக்காது."

அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுக்க அப்பாவால் முடியவில்லை. "நம்ம வயல் பம்புசெட்டே இதுக்குத் தேவல" என்று சிரித்தார். ரிவால்வர் கைக்கு அடக்கமாக இருந்தது. விசையை அழுத்தினார். 'டிக்' என்றது. சிரிப்பு நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்காமல், "இதுதான்ப்பா, இதேதான்!" என்று துள்ளினேன். அவர் அதை மெல்ல மேசைமேல் வைத்தார்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தார்.

"அது வேண்டாம் மக்கா."

"கள்ளன் வந்தா என்னப்பா செய்வீங்க?"

"கள்ளன் என்னைக்கோ ஒருநாள் வருவான், வராமலும் போவான். மத்த நாளெல்லாம் அதும் நானும்தானே வீட்டுல இருக்கணும்?"

புரிய எனக்குச் சற்று நேரமானது. புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்ப இருந்துப்பா?"

"உங்க அம்மை போனதுல இருந்து. சில நாளு நானும் போயிரலாம்னு தோணும்."

எங்கள் பஸ் வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இப்போது ஊரில் தங்கி, ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டாயிற்று. "ஏலே, குளிச்ச துண்டக் கட்டில்லயா போடுவ?" என்று அப்பா தினமும் ஏசுகிறார். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால், அன்று அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் விழுங்கியிருந்தால் எதை நானே ஆசையாகத் தேடி அவர் கையில் கொடுத்திருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம், இப்போதும் எழுந்துபோய் அவர் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.