பதில் வரும்வரை வரி எடிட்டர்

தலைமையகம் வழங்காத எந்த மென்பொருளையும், தலைமையகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல், அலுவலகக் கணினியில் பயன்படுத்தக் கூடாது. விதி இவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில், ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்த்த லைசென்ஸ் அலுவலகத்தில் என்னைத் தவிர யாரும் அதைப் படித்திருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆண்டு எங்களுக்கு இரண்டு மேசைக் கணினிகள் வந்தன. அதுவரை பெரிய கணினிக்குக் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த நானும், பட்டர்வொர்த் கிளையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண்மணியும் பாஸ்கல் என்ற புதிய மொழியைக் கற்க வேண்டும். மூன்று மாதத்தில், லைசென்ஸ்தாரர் பெயர்களை அகரவரிசைப்படுத்தும் புரோகிராம் ஒன்றை ஆளுக்கொன்றாக எழுத வேண்டும். எவருடையது நன்றாக இருக்கிறதோ, அவருக்குப் புதிய கணினிப் பிரிவின் தலைமைப் பதவி. நான் அவரைவிடப் பல ஆண்டு மூத்தவன். அந்தப் பதவி எனக்கு வரவேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

தலைமையகம் அனுப்பியது, ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் திருத்த விடும் எடிட்டர். புரோகிராமைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், நாற்பத்து மூன்றாம் வரியில் பிழை என்று சொல்லும். அதைத் தாளில் குறித்துக்கொண்டு, வெளியே வந்து, டிஸ்கை மாற்றி, எடிட்டரைத் திறந்து, வரி எண்ணைத் தட்டி, விட்டுப்போன அரைப்புள்ளியைச் சேர்த்து, மறுபடி டிஸ்கை மாற்ற வேண்டும். நடுவில் ஒரு புது வரியை நுழைத்தால் அதற்குக் கீழே எல்லா எண்களும் மாறிவிடும். குறித்துவைத்த தாள் குப்பைக்கு. நான் குறை சொல்லவில்லை. துளையட்டையில் படித்தவனுக்கு இதுவே சொகுசு.

அம்மணியோ முதல் வாரமே கைப்பையிலிருந்து வேறொரு டிஸ்கை எடுத்தார். சிங்கப்பூரில் படிக்கும் தம்பி கடையில் வாங்கி அனுப்பியதாம், தடித்த புத்தகத்தோடு. அதில் புரோகிராம் திரை முழுக்கத் தெரியும். அம்புக்குறி விசையால் நினைத்த இடத்துக்குப் போகலாம். கம்பைலரும் அதற்குள்ளேயே இருந்தது.

எங்கள் கணினிகள் முதுகோடு முதுகாக இருந்தன. அவர் திரை எனக்குத் தெரியாது, சத்தம் கேட்கும். என் பக்கம் நாலு தட்டல், டிஸ்கின் உறுமல், பென்சில். அவர் பக்கம் இடைவிடாத தட்டல், நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. புரோகிராம் எழுதுகிறவர் எதற்குச் சிரிக்க வேண்டும்?

“இன்னுமா அண்ணே அதோட மல்லுக்கட்டுறீங்க? இதைக் காப்பி பண்ணித் தரேன்லா.”

“பெர்மிஷன் இருக்கா?”

“யாரைக் கேக்கணும்?”

யாரைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று மாலையே தலைமையகத்துக்கு எழுதினேன். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. ‘அலுவலர் ஒருவர்’ என்றுதான். கூடாது என்று பதில் வரும், அவரும் என்னைப் போல் வரி வரியாகத் தட்டுவார், போட்டி நியாயமாக நடக்கும்.

மேலதிகாரி நிதானமான மலாய்க்காரர். கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் அழைத்தார். விவகாரம் மேலிடத்துக்குப் போய்விட்டது, பதில் வரும்வரை எதுவும் மாறக் கூடாது, யார் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே தொடரட்டும் என்றார். விதி அப்படிச் சொல்லவில்லையே என்றேன். விதி என்ன சொல்கிறது என்றுதானே நீங்கள் மேலிடத்தைக் கேட்டிருக்கிறீர்கள் என்றார். அவர் நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதே உத்தரவைத்தான் பிறப்பித்திருப்பேன். ஆக, அம்மணிக்குத் திரை எடிட்டர், எனக்கு வரி எடிட்டர், இரண்டும் இப்போது அதிகாரபூர்வமாக.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக மதிய இடைவேளை நீளம். ஒரு வெள்ளியன்று அம்மணி சாப்பாடு கட்டிவர வெளியே போயிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, என் புரோகிராமின் முதல் சில வரிகளைத் தட்டினேன், வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியை விட்டு. கம்பைல் செய்தேன். கர்சர் தானாகப் போய் அந்த ஓட்டையின் பக்கத்தில் நின்று கண்சிமிட்டியது. இத்தனை வாரமாக நாள் முழுக்க இந்தச் சுகத்தில்தான் இருந்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது, பசியால் அல்ல.

“நல்லா இருக்கா அண்ணே?” பொட்டலத்தோடு பின்னால் நின்றார்.

“சும்மா செக் பண்ணேன்.”

“பண்ணுங்க, பண்ணுங்க. சுராட் வந்துடுச்சா?” அங்கே கடிதத்தை எல்லோரும் சுராட் என்றுதான் சொல்வோம்.

“இன்னும் இல்ல.”

“அப்ப எந்திரிங்கலா. பதில் வர்ற வரைக்கும் உங்க இடம் அந்தப் பக்கம். பாஸே சொல்லிட்டாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோழித்துண்டு ஒன்றைக்கூட நீட்டினார். நான் வெள்ளிக்கிழமை சைவம். அவர் குடும்பமும் அப்படித்தான்; அந்த விதியையும் அவர் படித்திருக்கவில்லை போலும்.

நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு அந்த நினைவூட்டலைச் சுட்டி இன்னொன்று. தலைமையகம் அசையவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் மேலதிகாரி எங்கள் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தார். இரண்டு புரோகிராமும் ஓடின. என்னுடையதில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் பட்டியலைப் பார்த்த அவர், ஹாஜி, டத்தோ என்ற பட்டங்களை விட்டுவிட்டுப் பெயரை வைத்து வரிசைப்படுத்த முடியுமா என்று கேட்டார். நாளைக் காலை தருகிறேன் என்றேன். வரி எண்கள் எல்லாம் மாறுமே. அம்மணி பேசிக்கொண்டே அம்புக்குறி விசையால் மேல் வரிகளுக்குப் போனார், நாலைந்து வரி சேர்த்தார், ஓட்டிக் காட்டினார். ஹாஜிகள் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேலதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

பதவி அவருக்குப் போயிற்று. சரியான தேர்வு என்று அலுவலகம் முழுக்கப் பேசினார்கள். அந்த டிஸ்க் என் கைப்பையில் இருந்திருந்தால் என்னைப் பற்றியும் அதையே பேசியிருப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும், ஜெலுத்தோங் சந்தையில் பழைய சகா யாராவது அவர் பெயரை எடுத்தால், நான் மீனை விலை கேட்கப் போய்விடுகிறேன்.

தலைமையகத்தின் பதில் ஒரே பத்தி. மேற்படி எடிட்டருக்கு அனுமதி இல்லை. பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். நடவடிக்கை எடுக்க வேண்டியவர், கணினிப் பிரிவுத் தலைவர். அதாவது அம்மணியேதான். கடிதம் வந்து சேர்ந்தது மறு ஆண்டு, தைப்பூசத்துக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை.