ஒரே மூச்சில் எழுதியதாகச் சொன்ன கதை

நான் பொய் சொன்னேன். ஒன்பது தடவை எழுதிய கதையை ஒரே மூச்சில் எழுதியதாகச் சொன்னேன்! அந்தப் பொய்யால் ஒருத்தி எழுதுவதையே விட்டாள்.

என்னைப் பெரிய எழுத்தாளன் என்று நினைத்துவிடாதீர்கள். குளத்தூரில் உரக்கடை வைத்திருப்பவன். ஐம்பது வயதில் கதை எழுத ஆசை வந்து, திருக்கோகர்ணத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறுதோறும் கூடும் ஆறு பேரோடு சேர்ந்தேன். எழுதியதை வாசிப்போம், மற்றவர்கள் குறை சொல்வார்கள்.

குறை... அந்தச் சொல்லைக் கேட்டாலே எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன். கடையில் உட்கார்ந்து ஊரையே கிண்டல் செய்பவனுக்கு இப்படி ஒரு பயம்!

என் முதல் பிரதியைப் பார்த்திருந்தால் என்னிடம் உரம்கூட வாங்கியிருக்க மாட்டீர்கள். முதல் பக்கத்தில் செத்துப்போன மாமனார் மூன்றாம் பக்கத்தில் பஸ் ஏறுகிறார். அந்த அசிங்கங்களை எல்லாம் ஒரு யூரியாச் சாக்கில் திணித்து ஒளித்தேன். ஒன்பதாவதை முத்து முத்தாக எழுதினேன். சந்தேகம் வராமலிருக்க, திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வேண்டுமென்றே எழுதி அடித்தும் வைத்தேன். என்ன புத்தி பாருங்கள்!

வாசித்து முடித்ததும், அந்த ஆறு பேரில் ஒருத்தியான செல்வி கேட்டாள். கட்டுமாவடியில் பிறந்தவள், திருக்கோகர்ணத்தில் கருவாட்டுக் கடை நடத்துகிறாள். கடலுக்குப் போன அப்பாவுக்காகக் கரையில் காத்திருந்த தன் ஆத்தாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவண்ணே எழுதுனீங்க?"

 உண்மையைச் சொல்ல ஒரு வினாடி போதும்...

"ஒரே தடவதான் தங்கச்சி. ஒக்காந்தேன், வந்துருச்சு."

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கடையில் வேலையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா?

மூன்று மாதம் கழித்து அவள் கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால்... அவள் கையெழுத்து! அடித்துத் திருத்திய வரிகளுக்கு நடுவே ஒன்று: 'ஒவ்வொரு அலைக்கும் ஆத்தா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.' என் ஒன்பது பிரதியிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

அன்று சாயங்காலமே சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் கொட்டினேன்.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். "செத்தவரு பஸ்ஸு ஏறுறாரா? டிக்கெட்டாவது எடுத்தாரா?" விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"எனக்கு எழுத்தே வராதுன்னு நெனச்சுட்டேன்ணே. இத அன்னைக்கே காட்டியிருக்கலாம்ல?"

 "மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். பொட்டலம் கட்ட ஆணியில் குத்தியிருந்த தாள்களைப் பிடுங்கி எண்ணினாள். இருபது பக்கத்தில் எட்டுதான் மிச்சம்.

போன ஞாயிறு வந்தாள். கன்னாபின்னாவென்று அடித்த புதுப் பிரதியோடு! அதற்கு முன்னால் நான் என் முதல் பிரதியை வாசித்தேன். மாடியே சிரித்தது; உயிர் ஒன்றும் போய்விடவில்லை. பிறகு அவள், அடித்த வரிகளைக்கூட விடாமல் வாசித்தாள்.  அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

நடுவில் ஓரிடத்தில் நின்றாள்.

"படகு திரும்புன அன்னைக்கி ஆத்தா ஒண்ணு சொன்னுச்சு. எழுதியிருந்தேன். இப்ப நெனப்பு வரமாட்டேங்குது."

அந்தத் தாள் யார் வீட்டுக் குப்பைக்குப் போனதோ... அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான்தான் இன்னும் அங்கேயே நிற்கிறேன்.